காலஞ்சென்றவரிடமிருந்து ஒரு திருத்தம்

சோமா நகரம்,
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு, ஹமுசோண்டே அண்ட் சன் விவசாய எந்திரப் பட்டறையைத் தொடங்கிய ஜைரோஸ் ஹமுசோண்டே எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பமும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் நலம். இந்தக் கடிதம் எழுதுவதே அதைச் சொல்லத்தான்.

சென்ற செவ்வாய்க்கிழமை உங்கள் வாரப் பத்திரிகையில் எங்கள் பட்டறையின் நாற்பத்தைந்து வருட வரலாற்றை முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள், நன்றி. அதில் மக்காச்சோளம் உதிர்க்கும் முதல் எந்திரத்தை என் மகன் மைன்சாவின் தொலைநோக்கு உருவாக்கியது என்று எழுதியிருக்கிறது. அப்போது அவனுக்கு மூன்று வயது, அதுவரை அவன் கண்டுபிடித்தது தன் கட்டைவிரல் ஒன்றைத்தான். எந்திரம் உருவானது என் மனைவி முதிந்தாவால். கையால் சோளம் உதிர்த்து உள்ளங்கை கொப்புளித்துப்போய், "ஏதாச்சும் பண்ணு, இல்லாட்டி நீயே உக்காந்து உதிர்த்துக்கோ" என்றாள். பழைய எண்ணெய்ப் பீப்பாயும் சைக்கிள் செயினும் வைத்துச் செய்தேன். முதல் நாள் அது சோளமணியை விட்டுவிட்டுக் கதிர்க்கட்டைகளை எறிந்தது, பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று செத்தது. வரலாறு என்றால் இதையல்லவா எழுதவேண்டும்?

சரி, அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். நாலாவது பத்தியில் "காலஞ்சென்ற நிறுவனர்" என்று என்னைப் போட்டிருக்கிறீர்களே, அதை எப்படிப் பொறுப்பது? அன்று மத்தியானமே மாதா கோயில் பெண்கள் தலையில் சாவு வீட்டுக்கான மாவு மூட்டையோடு அழுதுகொண்டே வந்துவிட்டார்கள். நான் கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தேன். முதிந்தா மாவை வாங்கி உள்ளே வைத்துவிட்டாள். ஏன் வாங்கினாய் என்றால், "தூக்கிட்டு வந்தவங்கள திருப்பி அனுப்பினா நல்லாருக்காது, மைன்சாவோட அப்பா. என்னைக்கா இருந்தாலும் ஆகத்தானே போகுது" என்கிறாள். அடுத்து சீலோ. எங்கள் குலத்தில் சாவு விழுந்தால் வந்து, செத்தவரைப்போல நடித்துக் கேலி செய்யும் உரிமை அவன் குலத்துக்கு உண்டு, தெரியும்தானே. என்னுடையதுபோலவே ஒரு தொப்பி, கிரீஸ் அப்பிய சட்டை, கையில் ஸ்பேனர், நொண்டி நொண்டி என்னைப்போலவே கத்திக்கொண்டு வாசலுக்கு வந்தான். நான் உட்கார்ந்து ஷிமாக் களி தின்பதைப் பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது. "யோவ், பஸ்ஸுக்குக் காசு போட்டு வந்திருக்கேன். பாதி நாள் பழகின நடிப்பு. கொஞ்ச நேரம் படுத்துக்கோயா, முடிச்சுட்டுப் போயிடறேன்." படுக்கமாட்டேன் என்றேன். நான் உட்கார்ந்திருக்கவே நடித்தான். நன்றாகத்தான் நடித்தான், அதுதான் வயிற்றெரிச்சல்.

உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தால் ஒரு பெண் எடுத்து, "உங்க பையன்தாங்க எழுதிக் குடுத்தாரு. நீங்க விவரமா எழுதி அனுப்புங்க ஐயா, வர்ற செவ்வாய்க்கிழமை திருத்தம் போட்டுடறோம்" என்றாள். நேரே மைன்சாவிடம் போனேன். பட்டறையில் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"அப்பா, போன வருஷம் டிராக்டர் கம்பெனி ஆள் வந்தப்போ என்ன சொன்னீங்க?"

"அவங்க டிராக்டரைத் தகர டப்பான்னு சொன்னேன். தகர டப்பாதானே?"

"அந்தப் பெரியவர் இருக்கிற வரைக்கும் ஏஜென்சி தரமாட்டோம்னுட்டாங்க. நீங்க இல்லைன்னு சொல்லிட்டேன்."

"எங்க இல்லைன்னு சொன்னே?"

"எங்கயும் இல்லைன்னு."

குனிந்து ரசீதுப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்துவிட்டான். கோபம்கூட வரலை ஐயா. நாளை புது ஷோரூம் திறப்பு விழா. நிகழ்ச்சி நிரல் அச்சடித்திருக்கிறான், மூணாவது அயிட்டம் எனக்கு மௌன அஞ்சலி. அந்த ஒரு நிமிஷத்திலே எழுந்து நின்னு, நான்தான்டா ஹமுசோண்டேன்னு கத்தப்போறேன். ஏஜென்சி போனா போகட்டும். நீங்க செவ்வாய்க்கிழமை முதல் பக்கத்திலே, கொட்டை எழுத்திலே, ஹமுசோண்டே உயிரோடு இருக்கிறார்னு போடணும்.

உங்கள் வயலில் காலத்தில் மழை பெய்யட்டும், அச்சு எந்திரம் சிக்காமல் ஓடட்டும்.

இப்படிக்கு, உயிருடன்,
ஜைரோஸ் ஹமுசோண்டே

பின்குறிப்பு: இன்று ஞாயிறு. நேற்று விழாவுக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன். மௌன அஞ்சலிக்கு எல்லோரும் எழுந்தார்கள், நானும் எழுந்தேன். ஊரில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கத்த வாயைத் திறந்தபோது மைன்சா பேச ஆரம்பித்துவிட்டான். "எங்கப்பா, ஒருத்தரோட கலப்பை உடைஞ்சிருக்குன்னா மழையில நடந்துபோய் சரிபண்ணிக் குடுத்துட்டுத்தான் சாப்பிடுவாரு. அதுல பாதி எனக்கு வரல" என்றான், குரல் உடைந்து நிஜமாகவே அழுதான். நாற்பத்தெட்டு வருஷத்தில் இதில் ஒரு வார்த்தைகூட என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டேன். பிறகு கம்பெனியின் புது அதிகாரி எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டே வந்து, என்னைக் காட்டி, இந்தப் பெரியவர் யார் என்று அவனிடம் கேட்டார். மைன்சா என்னைப் பார்த்தான். அவன் திணறுவதைப் பார்க்கச் சகிக்காமல் நானே, "இவங்க அப்பாகிட்ட வேலை பார்த்தவன்" என்றேன். இல்லை, இவர்தான் அப்பா என்று சொல்லுவான் என அங்கேயே நின்றேன். அதிகாரிக்கு நாற்காலி போடச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவனே திருத்தவில்லை ஐயா. நீங்களும் திருத்த வேண்டாம்.