குளிரில் குழறிய கேசட்

இயந்திரங்களுக்கும் மனிதரைப் போலவே குளிரும் என்று நம்பியவர், மாட்டுப்பட்டிக்கு மேலேயுள்ள அத்தனை மலைகளிலும் கம்பளியார் ஒருவர்தான். தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். மேனேஜரின் மோட்டார் சைக்கிள் எத்தனை உதைத்தும் கிளம்பாத காலைகளில், தன் தோளில் கிடக்கும் கம்பளியை எடுத்து அதற்குப் போர்த்திவிட்டு, வெறும் பனியனோடு நடுங்கிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். நின்றுபோன ஆபீஸ் கடிகாரத்துக்கு மஃப்ளர் கட்டியவரும் அவர்தான். சிரித்தோம். கடிகாரம் ஓடியது. அதற்கும் சிரித்தோம்.

நான் அந்த ஆபீஸில் குமாஸ்தா. பௌதிகத்தில் பட்டம் வாங்கியவன். எஸ்டேட்டில் எங்கள் டிவிஷனில் டேப் ரிக்கார்டர் வைத்திருந்தவனும் நான் மட்டுமே. அதனால், வளைகுடாவிலிருந்து அவர் மகன் ஜெபராஜ் பேசி அனுப்பிய கேசட் ஒரு ஜனவரிக் காலையில் என் வீட்டுக்கு வந்தது. இங்கே இருந்தவரை ஜெபராஜ் குடித்துச் சீரழிந்தவன். "இனிக் குடிச்சா நீ எம் மவன் இல்ல" என்று சொல்லி, பைபிள் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அவனைக் கப்பலேற்றியிருந்தார்.

வெளியே புல்லெல்லாம் உறைபனி. பொத்தானை அழுத்தினேன். "அ...ப்...பா..." என்று கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இழுத்தான் ஜெபராஜ்.

"சார், பொட்டிக்குக் குளிருது. அடுப்போரமா அரைமணி வச்சுப் பாப்பமா?"

"அண்ணாச்சி, இது ஜப்பான் பொட்டி. இதுக்குக் குளிரவும் செய்யாது, வேர்க்கவும் செய்யாது. உம்ம மவன் நாக்குல்லா தள்ளாடுது! நல்லா ஊத்திட்டுப் பேசியிருக்கான்."

கேட்க வந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கம்பளியார் கேசட்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பிறகு வந்த மகனின் கடிதங்களை அவர் கையால் தொடவில்லை. "திருப்பி அனுப்பிருங்க சார்" என்றார். எஸ்டேட் தபால் என் மேசை வழியாகத்தான் போகும். 'வாங்க மறுத்தார்' என்று மூன்று உறைகளில் எழுதியது என் பேனா.

உண்மை அடுத்த ஞாயிறே எனக்குத் தெரிந்துவிட்டது. என் பாட்டுக் கேசட்டும் காலையில் அப்படியே இழுத்தது. வெயில் ஏறியதும் தானாகச் சரியாகிவிட்டது. பெட்டிக்குள் கிரீஸ் குளிரில் இறுகியிருந்தது, அவ்வளவுதான். ஒரு ஃபிட்டரிடம் போய், "நீர் சொன்னதுதான் சரி" என்று சொல்லப் பட்டதாரிக்கு ஏப்ரல் வரை ஆயிற்று. இடையில்தான் அந்த மூன்றாவது உறை போனது.

ஏப்ரலில் அவர் வீட்டிலேயே வைத்து அந்தக் கேசட்டைப் போட்டோம். ஜெபராஜ் கணீரென்று பேசினான். "அப்பா, ஒரு சொட்டுத் தொடலப்பா. நம்புதீங்கல்லா?"

கேசட் முடிந்த பிறகும் கம்பளியார் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது என்ன செய்யும் சார், பாவம்" என்றார்.

அன்றே மகனுக்குக் கடிதம் போட்டார். பதில் இல்லை. அடுத்ததற்கும் இல்லை. தினமும் வேலைக்குப் போகிற வழியில் ஆபீஸ் ஜன்னலில் எட்டிப் பார்ப்பார். வரவில்லை என்று நான் கையை விரிப்பேன். ஒரு மாதம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்த வழியையே விட்டுவிட்டு, மேட்டில் ஏறிச் சுற்றிப் போகத் தொடங்கினார். ஒருநாள் மறித்துக் கேட்டேன்.

"நடந்தா முட்டுவலிக்கு நல்லதாம்லா சார்."

முட்டுவலிக்காரர் யாரும் ஏறுகிற மேடல்ல அது. இன்னொரு முறை நான் கையை விரிக்க வேண்டாம் என்றுதான் ஏறினார், மனிதர்.