நிச்சயதார்த்தத்தன்று நான் சாகாமல் போனது

குருவிநத்தம், 12 மார்ச் 1936

சைகோனில் உத்தியோகம் பார்க்கும் மைத்துனர் சிவப்பிரகாசம் அவர்களுக்கு நடேசன் எழுதிக்கொண்டது. உங்கள் அக்கா விருத்தாம்பாள், மகள் அமுதம், கறவை மாடுகள் எல்லாரும் ஈசுவரன் கிருபையால் சௌக்கியம். என்னைப் பற்றி எழுதத்தான் பேனா நகரமாட்டேன் என்கிறது.

அமுதத்துக்கு ஏம்பலம் குழந்தைவேல் மகனைப் பேசியிருந்தோம் அல்லவா? அது கெட்டுப்போயிற்று. கெடுத்தவன் நான். தை மாதம் மதகடிப்பட்டுச் சந்தையில் மாட்டுக்குப் பல் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்தது, கை மரத்துப்போயிற்று, மூச்சு உள்ளே போகவில்லை, இதோ சாகிறேன் என்று தோன்றிற்று. விலையைக் கேட்டு மயங்குகிறேன் என்று நினைத்த மாட்டுக்காரன் தானாகவே விலையைக் குறைத்தான். கால் மணியில் எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் மறுபடி வந்துவிடுமோ என்று பயந்து சந்தையை விட்டேன், பிறகு ரயிலை விட்டேன், பிறகு கோயிலையும் விட்டேன். கேட்டவர்களிடம் கால்வலி என்றேன். சண்டிமாட்டை அடக்குகிற ஆள் எப்படி மச்சான் சொல்லுவேன், எனக்குப் பயமா இருக்குதுன்னு?

நிச்சயதார்த்தத்தன்று கூடம் கொள்ளாத கூட்டம். லக்னப் பத்திரிகை வாசிக்கிற நேரத்தில் அது வந்துவிட்டது. சாகுமுன் பாவத்தை இறக்கிவைப்போம் என்று குழந்தைவேலின் கையைப் பிடித்து, "பொண்ணு ஜாதகத்தை நான்தான் திருத்தினேன், மன்னிச்சுடுங்க!" என்று கத்திவிட்டேன். கத்திவிட்டுச் செத்திருந்தால் மரியாதை. சாகவில்லை. எழுந்து கொல்லைப்புறமாக ஓடி வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

அமுதம் தேடிக்கொண்டு வந்தாள். "இன்னாப்பா இது? மாப்ள வூட்டாருங்க எழுந்து போய்ட்டாங்க. என்னைக் கட்டிக்குடுக்க புடிக்காமதான் ஓடிட்டீங்கன்னு பேசிக்கிறாங்க" என்றாள். அழக்கூட இல்லை. அழுதிருந்தால் தேவலை.

அவள்தான் வண்டி கட்டிப் புதுச்சேரி டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் குழாய் வைத்துப் பார்த்து, "இருதயத்துல ஒண்ணுமில்ல, கல்லாட்டம் இருக்குது" என்றார். வேகமாக மூச்சு வாங்கச் சொன்னார். வாங்கினேன், நாற்காலியிலேயே அது வந்துவிட்டது! எழுந்து ஓடப் பார்த்தேன். தோளை அழுத்தி உட்காரவைத்து, "ஓடாதீங்க. மெதுவா மூச்சை வுடுங்க. இது பயம், சாவு இல்ல. ஏறுற மாதிரியே எறங்கும்" என்றார். இறங்கிற்று. இதற்குப் பயந்து ஒதுங்கின இடத்துக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகவேண்டுமாம். வந்தால் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கவேண்டுமாம். போகிறேன். போன செவ்வாய் சந்தையில் வந்தது, உட்கார்ந்தேன், போயிற்று. முழுக்க விடவில்லை, ஆனாலும் ஓடவில்லை.

ஏம்பலத்தார் முகத்தில் இனி விழிக்கமுடியாது. அங்கே நம் ஜனத்தில் நல்ல பையன் இருந்தால் பாருங்கள். என் விஷயத்தை ஒருவரிடமும் சொல்லவேண்டாம். உங்கள் சம்சாரத்துக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதம். நமக்கு நடுவில் கடல் இருப்பதால்தான் உங்களுக்கு இவ்வளவும் எழுத முடிந்தது.

இப்படிக்கு,
தலை நிமிராத
நடேசன்

பின்குறிப்பு: சைகோனில் மாப்பிள்ளை பார்க்கவேண்டாம். கடிதத்தை ஒட்டும் சமயத்தில் குழந்தைவேல் தனியாக வந்து நின்றார். ஜாதகச் சண்டைக்குத்தான் வந்தார் என்று நடுங்கினேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "ஜாதகம் கெடக்குது வுடுங்க, வைகாசியில கல்யாணத்தை வெச்சிக்கலாம். டாக்டருகிட்ட போன கதையை உங்க பொண்ணு சொல்லியனுப்பிச்சு. எனக்கும் ஆறு வருசமா இது வருது, பொண்டாட்டிக்கே தெரியாது. அந்த டாக்டரு மூச்சை எப்படி வுடச் சொன்னாரு?" என்றார்.