நாலு பக்கம் காக்க வில்பிரட் படையெடுத்த படலம்

மகாவலி வளைந்தோடும் குண்டசாலையின் கோமகனே! பகலெல்லாம் அரசாங்கக் கச்சேரிக் கோப்புகளோடு பொருது, விடியலில் எழுந்தமர்ந்து இன்னும் பிறவாத கொடுங்கோலர்களைத் தாளிலே பிறப்பித்துத் தாளிலேயே நடுங்கவைப்போனே! பேனா என்னும் ஒற்றை வேலேந்திய வில்பிரட் பெருமானே, வாழி! நின் வெஞ்சமரைப் பாடப் புகுந்த எம் நாவுக்குத் தமிழ்த்தாய் துணை நிற்க. கேட்போர் கொட்டாவியை அடக்கிக்கொள்க.

நாளை நாடு எப்படியெல்லாம் கெட்டுப்போகும் என்பதே வில்பிரட்டின் பாடுபொருள். மழை முழுவதும் ஒரு கம்பனிக்குச் சொந்தமாகி, நனைந்தவனிடம் வாடகை கேட்கும் நாடு ஒன்று. செத்தவர்கள் ஆண்டுதோறும் வரிசையில் நின்று தாம் செத்ததை உறுதிப்படுத்த வேண்டிய நாடு இன்னொன்று. இவ்வாறு பல நாடுகளைக் குறுங்கதைகளாகச் சமைத்துத் தொகுதியாக்கப் புறப்பட்டார் நம் வீரர். அவற்றுள் முடிமணியாக ஒளிர்ந்தது கடைசிக் கதை. அந்த நாட்டில் காலையில் தலைவனைப் புகழ்ந்தால்தான் குழாயில் தண்ணீர் வரும். புகழ மறுத்த ஒருவன் மட்டும் நா வறண்டு நிற்கிறான். நாலே பக்கந்தான். அதை எழுதி முடித்த அன்று வில்பிரட் அழுதேவிட்டார்.

ஆனால் நம்மூரில் வாழ்த்துரை இல்லாமல் புத்தகம் வெளிவருவது மாப்பிள்ளை இல்லாமல் கல்யாணம் நடப்பதற்குச் சமம். மரபு வழுவா வில்பிரட்டும் பங்குத்தந்தையின் ஆசியுரை, மேலதிகாரியின் வாழ்த்துரை என்று சேனை திரட்டினார். திரட்டிய உற்சாகத்தில், மனைவியின் அண்ணனும், கலகெதர ஹார்ட்வெயார் கடையின் ஏகசக்கராதிபதியும், வெளியீட்டு விழாவில் முதற்பிரதி பெறவிருப்பவருமாகிய ஜொனியிடமும் ஒரு வாழ்த்துரை கேட்டுவிட்டார். கேட்டது பெரும்பிழை. ஜொனி நாலு பக்கம் எழுதிக் கொடுத்தார். அதில் அவர் கடை திறந்த வரலாறு இருந்தது. புத்தகத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

கண்டி நகரின் சந்தொன்றில், மை மணக்கும் மண்டபத்தில் வீற்றிருந்த அச்சகத்து ஸெய்னுலாப்தீன், பக்கங்களைப் புரட்டிப் பார்த்துத் தீர்ப்புரைத்தார்.

“சேர், தாள மடிச்சா பதினாறு பதினாறாத்தான் பக்கம் வரும். இதில நாலு பக்கம் கூடுதலா ஈக்கி. கடசிக் கதைய எடுங்க, இல்லாட்டி ஒங்கட மச்சான்ட வாழ்த்துரைய எடுங்க.”

இன்னொரு தாள் சேர்க்கலாகாதோ என வினவினார் வில்பிரட்.

“தாள் விக்கிற வெலைக்கு வெறும் பக்கம் பன்னெண்டு அடிக்கவா சேர்?”

எழுத்தைச் சிறிதாக்கலாம் என்றால், அது ஏற்கெனவே எறும்பு அளவில்தான் இருந்தது.

வீடு மீண்ட வீரர், உறையிலிருந்து வாளை உருவுவார்போலச் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவி, குசினி வாசலில் நின்று வஞ்சினம் மொழிந்தார்.

“கதிரவன் மேற்கில் எழினும், மகாவலி மலையேறிப் பாயினும், என் கதையில் ஒரு காற்புள்ளியும் வீழாது! இன்றே கலகெதர புகுந்து, ஜொனியின் வாழ்த்துரையை ஜொனியின் முகத்துக்கு நேரே நீக்குவேன். புகழ்மொழிக்காக என் எழுத்தைப் பலியிடேன்!”

பருப்புத் தாளித்துக்கொண்டிருந்த மனைவி மரியகொறற்றி திரும்பிப் பார்த்தார்.

“போறதுதான் போறீங்க, அண்ணங்கிட்ட மெதுவா சொல்லுங்க. நாளைக்கு நா அந்த வாசப்படிய மிதிக்கணும்.”

புறப்பட்டது படை. படை என்பது வில்பிரட்டும் ஒரு குடையும். கண்டியில் பஸ் மாறி, உள்ளே போ உள்ளே போ என்று சிங்களத்தில் முரசறைந்த கண்டக்டரின் ஆணைக்குத் தலைவணங்காது, வணங்க இடமும் இல்லாது, முழங்கைகள் மோதவும் மரக்கறிப் பைகள் முழந்தாளைத் தாக்கவும் கட்டுகஸ்தோட்டைப் பாலங் கடந்து, ஒரு காலில் நின்றே குருநாகல் வீதியை வென்று, கசங்கிய சட்டையும் கசங்காத சினமுமாகக் கலகெதரயில் இறங்கினார். வழிநெடுக அவர் சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியம் ஒன்றே: உங்கள் வாழ்த்துரை வேண்டாம்.

ஆணிக்குவியல் அகழியாக, பெயின்ற் வாளிகள் மதிலாக நின்ற கோட்டைக்குள் நுழைந்தார். கதிரையை விட்டு எழுந்தார் ஜொனி. வில்பிரட் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“வாங்க மச்சான், ஒங்களத்தான் நெனச்சேன். முந்தி குடுத்தது எனக்கே புடிக்கல. கடையப் பத்தியே எழுதிப்புட்டேன். இந்தாங்க, புதுசா எழுதியிருக்கேன். வாசிச்சுப் பாருங்க.”

அதுவும் நாலு பக்கந்தான். அதில் கடை இல்லை, ஆணி இல்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வில்பிரட்டே இருந்தார். இந்த நாட்டில் இவரைப்போல் எழுத இன்னொருவன் பிறக்கவில்லை என்றிருந்தது. கதைகளில் ஒன்றையும் ஜொனி வாசித்திருக்கவில்லை என்பது வில்பிரட்டுக்குத் தெரியும்.

அந்தோ! மதயானை எதிர்வரினும் மலைக்காத அம் மார்பு விம்மிற்று. கொடுங்கோலர் ஆயிரவரை நடுங்கவைத்த அக் கரம் முதற்பக்கத்தை மீளப் புரட்டிற்று. வஞ்சினம் உரைத்த அவ் வாய் சற்றே திறந்தபடி நிற்க, இரண்டாம் முறையும் முதல் வரியிலிருந்து வாசிக்கலாயின அவ் வேங்கை விழிகள். ரொம்ப நல்லா இருக்கு மச்சான் என்று சொல்லிவிட்டு வெளியே வந்த வில்பிரட், அச்சகத்துக்குப் போன் பண்ணிக் கடைசிக் கதையை எடுத்துவிடச் சொன்னார்.