சாமி பாரிக்கு இரண்டு கைப்பிடி யூரியா

காத்திருக்கத் தெரியாதவள் விவசாயம் படிக்கப் போகக் கூடாது. விதைத்தால் முளைக்கும்வரை பொறுக்க வேண்டும், முளைத்தால் காய்க்கும்வரை பொறுக்க வேண்டும், காய்த்தால் விலை வரும்வரை பொறுக்க வேண்டும். எனக்கோ குக்கரில் மூன்றாவது விசில்வரைகூடப் பொறுக்க முடியாது. (எங்கள் வீட்டில் பல வருஷம் பருப்பு அரைவேக்காடுதான். அம்மாவைக் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வாள்.) இருந்தும் நான் விவசாயம்தான் படித்தேன். இன்று வேளாண்மை அலுவலராக ஊர் ஊராகப் போய், எந்தப் பயிருக்கு எவ்வளவு உரம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் படிப்புக்கு இடம் கிடைக்குமா என்று காத்திருந்த வாரத்தில் நான் செய்த காரியம் என் மேலதிகாரிகளுக்குத் தெரியாது. ஊருக்கு நன்றாகத் தெரியும்.

கமுதிக்கும் அபிராமத்துக்கும் நடுவில், மிளகாயும் பருத்தியும் போடுகிற ஊர் எங்களுடையது. நான் பிளஸ் டூ படித்த இரண்டு வருஷமும் அய்யாவின் (எங்கள் பக்கம் அப்பாவை அய்யா என்போம்) மிளகாய்ச் செடிகள் இலை சுருண்டு வீணாய்ப் போயின. பூச்சிமருந்துக் கடையில் எடுத்துக் கொடுத்ததையெல்லாம் அய்யா வாங்கி அடித்தார். ஏன் சுருளுகிறது என்று கேட்டால் கடைக்காரருக்கும் தெரியவில்லை, அய்யாவுக்கும் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொண்டே தீருவேன் என்று சுருண்ட செடிகளுக்கு நடுவே நின்று முடிவு செய்தேன். பரீட்சை முடிந்ததும் அரசு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டேன். "அதுக்கு எதுக்குத்தா காலேசு? உங்க அய்யாகிட்ட கேட்டா சொல்லிட்டுப் போறாரு" என்று ஊரில் நாலு பேராவது கேட்டிருப்பார்கள்.

அய்யா தடுக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

"மொத சுத்துல பேரு வந்தா போ, நானே கொண்டுபோய் விட்டுட்டு வாரேன். வரலைன்னா பேசாம இங்கன பக்கத்துல பி.காம். சேந்துரு. ரெண்டாஞ்சுத்து, மூணாஞ்சுத்துன்னு நம்மளால சுத்திக்கிட்டு இருக்க முடியாது."

முதல் சுற்றுப் பட்டியல் வருவது புதன்கிழமை. பி.காம். சேர்க்கை முடிவது மறுநாள் வியாழக்கிழமை. எனக்கும் பி.காமுக்கும் நடுவில் ஒரே ஒரு ராத்திரிதான் இருந்தது.

பட்டியல் புதன்கிழமைதான் வரும் என்று பல்கலைக்கழகமே சொல்லியிருந்தது. நான் அதை நம்பவில்லை. யாராவது ஒரு நல்ல மனுஷன் முன்னாலேயே போட்டுவிட மாட்டானா என்று பத்து நாள் முன்பிருந்தே அந்தப் பக்கத்தை நிமிஷத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்தேன். உதவி எண்ணுக்கு நான் தினமும் போன் போட்டதில், அங்கே இருந்த பெண் என் குரலைக் கேட்டதுமே "புதன்கிழமைம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாள். அம்மா என்னை தேவிபட்டினம் கூட்டிப்போய்க் கடலுக்குள் நவக்கிரகம் சுற்ற வைத்தாள். இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி போனைப் பார்த்துக்கொண்டே ஒன்பது சுற்றும் சுற்றினேன். (குரு பகவானுக்கு நேரே சிக்னல் பிரமாதமாக இருந்தது.)

அந்தச் சமயம் பார்த்து ஊரில் அம்மனுக்கு முளைப்பாரி போட்டார்கள். செவ்வாய்க்கிழமை சட்டிகளில் எருவும் மண்ணும் நிரப்பி, பாசிப்பயறும் தட்டாம்பயறும் விதைத்து, ஜன்னல் இல்லாத ஒரு வீட்டில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். எட்டு நாள் இருட்டிலேயே வளரும். அடுத்த புதன்கிழமை பெண்கள் தலையில் சுமந்துபோய் ஊருணியில் கரைப்பார்கள். வீட்டுக்கு ஒரு சட்டி, அது போக ஊருக்கே பொதுவாகச் சாமி பாரி என்று ஒன்று. யாருடைய பாரி செழிப்பாக வளர்கிறதோ அவர்கள் நினைத்தது நடக்கும், சாமி பாரி செழித்தால் ஊருக்கே மழை என்று நம்பிக்கை. அம்மா என் பெயருக்கு ஒரு சட்டி போட்டு, ராசியாக இருக்கட்டும் என்று சாமி பாரிக்கு அடுத்தாற்போல வைக்கச் சொன்னாள்.

சாவி ராக்கு அத்தையிடம் இருந்தது. அய்யாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா. எட்டு நாளும் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு, வெறும் தரையில் படுத்து, பாரிக்குத் தண்ணீர் ஊற்றுவது அத்தையின் பொறுப்பு. வேறு யாரும் உள்ளே போகக் கூடாது, விளக்கு கூடாது, டார்ச் கூடாது. நான் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் வாசலில் கொடுப்பேன். அத்தை கதவை நாலு விரல் திறந்து வாங்கிக்கொண்டு, எந்த வீட்டுப் பாரி எவ்வளவு உயரம் என்று சொல்வார். மேலத்தெருப் பாரியெல்லாம் ஒரு சாண் வந்துவிட்டதாம், என்னுடையது இப்போதுதான் கண் விழிக்கிறதாம். மேலத்தெருவில் யாரும் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம்கூடப் போடவில்லை, அவர்களுக்கு எதற்கு ஒரு சாண்?

வெள்ளிக்கிழமை அந்தக் கதவு இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். முளைகள் அத்தனையும் வெளிறிப்போய் மஞ்சளாக நின்றன. இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு என்று நான் படித்திருந்தேன். வெளிச்சம் படாமல் வளர்கிற எந்த முளையும் மஞ்சளாகத்தான் இருக்கும் என்பது அடுத்த பாடத்தில் இருந்தது. அந்தப் பாடத்தை நான் பரீட்சைக்கு விட்டுவிட்டேன். தழைச்சத்துக்கு யூரியா. பருத்திக்கு வாங்கிய மூட்டை எங்கள் வீட்டுத் தாழ்வாரத்திலேயே கிடந்தது. ஏக்கருக்கு ஒரு மூட்டை என்றால் ஒரு சட்டிக்கு ஒரு கைப்பிடியாவது வேண்டாமா என்று கணக்குப் போட்டேன். முதல் சுற்றிலேயே பேர் வர வேண்டுமே என்று இரண்டாவது கைப்பிடியையும் அள்ளிக்கொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் அத்தை சாப்பிடப் போன நேரம், கதவு சும்மா சாத்தியிருந்தது. வெயிலிலிருந்து உள்ளே போனதும் என் கையே எனக்குத் தெரியவில்லை. டார்ச் அடிக்கக் கூடாது என்ற பக்தி எனக்கு இல்லைதான். ஆனால் பட்டியல் வந்ததா வந்ததா என்று பார்த்துப் பார்த்து போன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. என் பாரி கதவிலிருந்து மூன்றாவது என்று அம்மா சொல்லியிருந்தாள். தடவித் தடவி எண்ணினேன். முதலில் கையில் பட்டது அத்தையின் தண்ணீர்ச் சட்டி. அதையும் ஒன்று என்று எண்ணிவிட்டது எனக்கு அப்போது தெரியாது. மூன்றாவதில் இரண்டு கைப்பிடியையும் பாசத்தோடு தூவி, தண்ணீரும் தெளித்துவிட்டு வந்தேன். நான் ஊட்டிவிட்டது சாமி பாரிக்கு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அத்தை உயரக் கணக்கு எதுவும் சொல்லாமல் குடத்தை வாங்கிக்கொண்டார். உள்ளே ஏதோ நெடி அடிக்கிறது என்று மட்டும் சொன்னார். திங்கட்கிழமை சாமி பாரி தலை கவிழ்ந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை கருகியே போய்விட்டது. அதற்குப் பக்கத்தில் என் பாரி, நான் தொட்டுக்கூடப் பார்க்காத என் பாரி, ஒன்றே கால் சாண் உயரத்தில் ஜம்மென்று நின்றதாம். அம்மா அதைச் சொன்னபோதுதான் எனக்குத் தண்ணீர்ச் சட்டி விஷயம் உறைத்தது.

வாயைத் திறப்பதில்லை என்று உறுதியாக முடிவெடுத்தேன். புதன்கிழமைவரைதான். விஷயம் அய்யா காதுக்குப் போனால், முதல் சுற்றில் பேர் வந்தாலும் அனுப்ப மாட்டார். ஒரே ஒரு நாள் ஊமையாக இருந்தால் போதும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கோயில் முன்னால் ஊர் கூடியது. சாமி பாரி கருகுவது சின்ன விஷயமில்லை. விரதத்தில் ஏதோ குறை இருக்கிறது என்று ஒருவர் ஆரம்பித்தார். அத்தை தீட்டோடு உள்ளே போயிருப்பாரோ என்று இன்னொருவர் இழுத்தார். இனி அத்தையிடம் சாவி கொடுப்பதா வேண்டாமா என்றுகூடப் பேச்சு வந்தது. எட்டு நாள் அரைப் பட்டினியில் கன்னம் ஒட்டிப்போன அத்தை, இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து எல்லோருக்கும் முன்னால் தரையில் வைத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. பல்கலைக்கழகமாவது ஒன்றாவது என்று எழுந்து போனேன்.

"சாமி பாரிக்கு நாந்தான் யூரியா வச்சேன்."

ஊரே திரும்பிப் பார்த்தது. அய்யா தலையில் கை வைத்துக்கொண்டார். ஊர்ப் பெரியவர் நியாயப்படி பாவம், தீட்டு, பரிகாரம் என்று ஏதாவது கேட்டிருக்க வேண்டும். அவரும் விவசாயிதானே?

"எம்புட்டு வச்ச?" என்றார்.

"ரெண்டு கைப்பிடி."

"ஒரு சட்டிக்கா?"

கூட்டத்தில் 'ச்சு ச்சு' என்று சத்தம் கிளம்பியது. அத்தை மீது பழி போட்டதைக்கூட மறந்துவிட்டு, இரண்டு கைப்பிடி எத்தனை வரிசைப் பருத்திக்குப் போதும் என்று ஆளாளுக்குக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். இந்தப் புள்ளையா விவசாயம் படிக்கப் போகுது என்று யாரோ கேட்க, ஒரே சிரிப்பு. பூமி பிளந்தால் யூரியா மூட்டையோடு உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. சாவியை எடுத்து மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீ கருக்குனத நீயே தூக்கிட்டு வா. நாளைக்கு முன்னுக்க நடக்குறது நீதான்."

பெரியவரும் சரி என்றுவிட்டார். மறுநாள் கொட்டுமேளத்துக்குப் பின்னால், ஊர்ப் பெண்கள் எல்லோரும் செழித்த பாரிகளைச் சுமந்து வர, எல்லோருக்கும் முன்னால் கருகிய சாமி பாரியைத் தலையில் வைத்துக்கொண்டு நான் நடந்தேன். ஒவ்வொரு வாசலிலும் என்னை வேடிக்கை பார்க்கவே கூட்டம். என் போன் அய்யாவின் சட்டைப் பையில் இருந்தது. பட்டியல் வந்தால் என் விண்ணப்ப எண்ணைத் தேடிப் பார்க்கச் சொல்லியிருந்தேன்.

பாதித் தெரு தாண்டும்போது அய்யா கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"பேரு இல்லத்தா."

"நல்லாப் பாத்தீகளா?"

"மூணு தரம் பாத்துட்டேன்."

நடையை நிறுத்தக் கூடாது. இரண்டு கையும் சட்டியைப் பிடித்திருந்தன. கண்ணிலும் மூக்கிலும் கொட்டியதைத் துடைக்க எனக்குக் கை இல்லை. இரண்டு வருஷமாக நினைத்தது போயிற்றே என்று ஏங்கி ஏங்கி அழுதேன். பக்கத்தில் நடந்து வந்த அத்தை முந்தானையை எடுத்து என் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டார்.

"அழுவாத. உப்புத்தண்ணி பாரியில விழுந்துறப் போகுது. நீ வச்சதே போதும்."

ஊருணியில் பாரியைக் கரைத்துவிட்டுக் கரையேறினேன். நாளைக்குப் பிள்ளையை பி.காம். சேர்க்கக் கூட்டிப்போகிறாயா என்று பெரியவர் அய்யாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். நான் ஈரப் பாவாடையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

"இல்ல மாமா" என்றார் அய்யா. "இவ விவசாயந்தான் படிக்கணும். படிக்காம இங்கன வச்சிருந்தா ஊரையே கருக்கிருவா. ரெண்டாஞ்சுத்தோ மூணாஞ்சுத்தோ, வார வரைக்கும் பாப்போம்."

மறுநாள் அய்யா பி.காம். கல்லூரிப் பக்கமே போகவில்லை. யூரியா மூட்டையை மட்டும் அறைக்குள் வைத்துப் பூட்டினார். இரண்டாம் சுற்றில் என் பெயர் வந்தது. நிபந்தனையெல்லாம் போட்ட அதே மனுஷன், என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் பஸ் ஏறினார். விதைக்குள் இருக்கும் பருப்பே பத்து நாளைக்கு அந்த முளைக்குச் சாப்பாடு, உரமே வேண்டாம் என்று முதல் செமஸ்டரில் பாடம் நடத்தினார்கள். வகுப்பே குறிப்பெடுத்தது. நான் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

இப்போது எந்த ஊரில் கூட்டம் போட்டாலும் நான் சொல்லும் உர அளவை விவசாயிகள் பயபக்தியோடு எழுதிக்கொள்கிறார்கள், எங்கள் ஊரைத் தவிர. அங்கே நான் வாயைத் திறப்பதற்கு முன்பே பின்வரிசையிலிருந்து "கைப்பிடிக் கணக்கா மேடம்?" என்று குரல் வரும். என் வீட்டுக்காரர்கூடக் குழம்புக்கு உப்புப் போட என்னை விடுவதில்லை. கதையை அவருக்குச் சொன்னது அய்யா. ராக்கு அத்தை தன் மல்லிகைக்கு எவ்வளவு உரம் என்று என்னிடம்தான் கேட்பார், கேட்டுவிட்டு அதில் பாதியைத்தான் போடுவார். விசாரித்துப் பார்த்தேன். அய்யா உட்பட ஊரே அப்படித்தான் செய்கிறது. நான் சொன்னதில் பாதி.

நானும் விடுவதாக இல்லை. அதனால் எங்கள் ஊரில் மட்டும் அளவை இரண்டு மடங்காகச் சொல்கிறேன். இந்தப் பாதிக் கணக்கு இன்னும் தெரியாத, புதிதாக எங்கள் ஊருக்கு வாழ வந்த மருமகள்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, சரியான அளவைக் காதோடு சொல்லிவிடுவேன்.