பளபளா மணிகளும் பல்லாவரம் மலையும்

பளபளப்பாக எதைப் பார்த்தாலும் எனக்குப் புத்தி வேலை செய்யாது. செருப்பு முதல் பேனா வரை அப்படித்தான் ஏமாந்திருக்கிறேன். ஆனால் ஒரு மலையின் பூர்வோத்தரத்தையே குப்பையில் கொட்டியது ஒரே ஒரு தடவைதான்.

எழுபதுகளின் தொடக்கம். ஜியாலஜி படித்துவிட்டு, எங்கள் பேராசிரியரிடம் ஆராய்ச்சி உதவியாளர் வேலைக்குத் தவம் கிடந்தேன். அவர் பல்லாவரம் மலைக் கல்லை இடித்து, அலசி, காந்தம் காட்டி, ரவையைவிடப் பொடியான சிர்கான் மணிகளைப் பிரித்து வைத்திருந்தார். சிர்கான் ஒரு கடிகாரம். உள்ளே இருக்கும் யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறும். இரண்டையும் அளந்தால் வயது தெரியும். அளக்கும் வசதி வெளிநாட்டில்தான். அங்கே போகும் ஒரு நண்பரிடம் கொடுத்தனுப்ப ஏற்பாடு.

“வகைவகையாப் பிரிச்சு வையப்பா. இது ஒழுங்கா முடிஞ்சா வேலை உனக்குத்தான்” என்று சார் நுண்ணோக்கியையும் மணிகள் இருந்த குப்பியையும் என்னிடம் தந்தார்.

சேலையூர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கடை விரித்தேன். எஸ்தர் அக்கா (அரிசியில் கல் பொறுக்குவதில் எங்கள் தெருவிலேயே அவளை அடிக்க ஆளில்லை) நுண்ணோக்கியில் எட்டிப் பார்த்தாள்.

“ஐயய்ய, பாதி மணி அழுக்கா இருக்கேடா! உள்ள வேற என்னமோ கரு மாதிரி தெரியுது. சொத்தை. தள்ளு!”

தள்ளினேன். கண்ணாடி போல் மின்னியதை மட்டும் ஊசி முனையில் தொட்டுத் தொட்டு எடுத்தேன். வகைவகையாகத்தானே பிரிக்கச் சொன்னார்? நல்லது, குப்பை. ஆக, இரண்டு வகை! மூன்றாம் நாள் அக்கா, தள்ளிவைத்த மணிகளோடு மேசையைத் துடைத்து, துணியைக் கொல்லையில் உதறிவிட்டாள்.

மறுநாள் காலை சார் வந்துவிட்டார். நண்பருக்கு அன்று சாயங்காலம் விமானம்.

“பிரமாதம்” என்றார், பார்த்துவிட்டு. எனக்குத் தலைகால் புரியவில்லை. “சரி, மங்கலான மணியெல்லாம் எங்கப்பா?”

“கழிச்சிட்டேன் சார். ஒரே அழுக்கு.”

சார் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“அடப்பாவி! இந்தக் கல்லு பூமிக்கு அடியில வெந்திருக்கு. கொஞ்சம் உருகியும் இருக்கலாம். அப்போ பழைய மணி ஓரத்துல கரையும், ஈயம் கசியும். ஆறும்போது மேல புதுசா ஒரு தோல் வளரும். நீ எடுத்து வெச்ச பளபளா எல்லாம் அந்தச் சூட்டுல புதுசாப் பொறந்தது. வெந்த காலத்தைத்தான் சொல்லும். அதுக்கு முந்தின கதை அந்த அழுக்குக்குள்ளதானே இருந்துச்சு!”

வேலை போச்சே என்று பயம். அதே சமயம், ஒரு தூசிக்குள் இரண்டு பிறவியா என்று ஆச்சரியம். (சத்தியமாகச் சொல்கிறேன், ஆச்சரியம்தான் ஒரு பிடி அதிகம்.)

கொல்லையில் துவைக்கிற கல்லோரம் சார், அக்கா, நான் மூவரும் குந்திக்கொண்டு மண்ணை ஸ்பூனால் வாரினோம். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டுக் கன்னியம்மா எட்டிப் பார்த்தாள்.

“இன்னா சார் தேடிக்கினு கீறீங்க? மூக்குத்திக் கல்லா?”

“ஆமாம்மா” என்றார் சார், நிமிராமலே. “ரொம்பப் பழசு.”

ஒன்றும் தேறவில்லை. பளபளா மட்டும் விமானம் ஏறியது. வேலை இன்னொருவனுக்குப் போயிற்று. ஒரு வருடம் கழித்து, நானே மலையிலிருந்து கல் சுமந்து, இடித்து, அழுக்கு மணிகளைப் பொத்திப் பொத்திப் பிரித்துக் கொடுத்த பிறகுதான் சார் என்னைச் சேர்த்துக்கொண்டார்.

இப்போதும் நான் தலைக்கு மை பூசிக்கொண்டு ஏதாவது கல்யாணத்துக்குக் கிளம்பினால் போதும், அக்கா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்ப்பாள்.

“மேல்தோல் புதுசுதான்டா. உள்ள அந்தப் பழைய அசடு கரையவே இல்ல.”