நாகேஸ்வரன் பார்த்த குடை

பழைய படங்களை விரும்புகிறவர்கள் எல்லாரும் ஒரே ரகம் என்று நினைத்துவிடாதீர்கள். பாட்டுக்காகப் பார்க்கிறவர் உண்டு, கதாநாயகியின் மூக்குத்திக்காகப் பார்க்கிறவர் உண்டு, அந்தக் காலத்துத் தெருவில் இரண்டே இரண்டு கார் ஓடுவதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதற்காகவே பார்க்கிறவரும் உண்டு. இவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. நாம் பார்க்கப்போவது வேறோர் இனம். ஒரே படத்தின் ஒரே காட்சியை வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்கக் காலம் தள்ளுகிறவர். காட்சிக்காரர் என்று அழைப்போம்.

மலையாளம் கலந்த தமிழ் பேசும் கரமனையில் இந்த இனத்துக்கு முதல்தரமான மாதிரி நாகேஸ்வரன். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணப் பந்தியோ, பஸ் நிறுத்தமோ, பல் டாக்டரின் வரவேற்பறையோ, யாராவது வாய்தவறி ஒரு புதுப்படம் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும். கண்ணை மூடுவார். ஆள்காட்டி விரலை உயர்த்துவார். பிறகு, மிகவும் சாந்தமாக, "குடைக் காட்சி பாத்திருக்கேளோ?" என்பார்.

தப்பிக்க முடியாது. பல் டாக்டர்கூடத் தப்பியதில்லை.

காட்சி இதுதான். கொலைப் பழியிலிருந்து விடுதலையான மகன், கொட்டுகிற மழையில் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். தாய் கதவைத் திறக்கிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு குடையை அவன் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்துகிறாள். அவ்வளவுதான்.

"கதவைச் சாத்தினது கோபம். குடை குடுத்தது பெத்த ஸ்நேகம். ரெண்டையும் ஒரே கையாலே பண்றா, கேட்டேளா! இப்போ எடுக்கறாளே, ஒருத்தனுக்கு இது தோணுமோ?"

முப்பத்தாறு வருடமாக இதைச் சொல்கிறார். ஒவ்வொரு தடவையும் 'ஒரே கையாலே' என்னும் இடத்தில் அவர் குரல் தழுதழுக்கும். அவர் மனைவி சூடாமணி அந்த நேரம் பார்த்து எழுந்து உள்ளே போய்விடுவாள். அவளால் தாங்க முடியவில்லை என்று எல்லாரும் நினைத்தார்கள்.

போன மாதம் அந்தப் படத்தின் மெருகேற்றிய புதுப் பிரதி வந்தது. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் கல்யாணராமன் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு சங்கத்து ஹாலில் திரை கட்டினார். படத்துக்கு முன்னால் நாகேஸ்வரன் ஐந்து நிமிடம் பேசுவார் என்று அறிவித்தார். நாகேஸ்வரன் நாற்பது நிமிடம் பேசினார். குடையின் கறுப்பு எதைக் குறிக்கிறது, அது ஏன் விரிக்கப்படாமல் இருக்கிறது, கைப்பிடியின் வளைவு யாருடைய முதுகு, எல்லாம் சொன்னார். கூட்டம் குடைக்காகக் காத்திருந்தது.

படம் ஓடியது. மகன் விடுதலையானான். நீதிமன்ற வாசலிலேயே தாய் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். இருவரும் வாய்விட்டு அழுதார்கள். விதூஷகன் கால் தடுக்கி விழுந்தான். எல்லாரும் சிரித்தார்கள். சுட்டெரிக்கிற வெயிலில் 'சுபம்' என்று எழுத்து விழுந்தது.

ஹாலில் அறுபது தலைகள் ஒருசேரத் திரும்பின.

"சார், குடை?" என்றார் கல்யாணராமன்.

நாகேஸ்வரன் திரையை இன்னொரு தடவை பார்த்தார். ஆனால் காட்சிக்காரர் அவ்வளவு சுலபத்தில் விழுகிறவரா? "வெட்டிட்டா!" என்று கத்தினார். "புதுசாக்கறோம்னு சொல்லி ஜீவனையே வெட்டிட்டா!"

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. மூன்றாம் வரிசையில் பக்கத்து வீட்டுக் கௌசல்யா எழுந்தாள். "வாஸ்தவம்தான். எனக்கும் நன்னா ஓர்மையிருக்கு. பச்சைக் குடை."

கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சை எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை. ரப்பர் வியாபாரி தாணுமாலையன், வித்துரா ஊர்த் தியேட்டரில் அந்தக் காட்சிக்கு ஜனங்கள் எழுந்து நின்று அழுததைத் தாம் கண்ணால் கண்டதாகச் சொன்னார். அங்கேயே ஒரு கண்டனக் கடிதம் தயாராயிற்று. வெட்டிய காட்சியைத் திருப்பிச் சேர்க்க வேண்டும். கையெழுத்துகள் விழுந்தன. காகிதம் சூடாமணியிடம் வந்தபோது அவள் பேனாவை வாங்காமல், அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டாள்.

வீட்டில் அடுப்பே பற்றவைக்கவில்லை.

"நீ ஏன் கடுதாசியிலே ஒப்பிடல்லே?" என்று கேட்டார் நாகேஸ்வரன்.

"அந்த சீனே கிடையாது. நான்தான் பறைஞ்சேன்."

"நீயா?"

"கல்யாணமாகி ஒரு மாசம். மழைக்கு ஒதுங்கத்தானே பழைய படம் ஓடற தியேட்டருக்குள்ள போனோம்? இன்டர்வெல் முடிஞ்சதும் குறட்டை விட்டுத் தூங்கினேள். திரும்பி வரச்சே பஸ்ஸிலே, 'கடைசியிலே என்ன ஆச்சு'ன்னு கேட்டேள்."

"சரி, நடந்ததைச் சொல்லியிருக்கலாமோல்லியோ?"

"நானும்தான் தூங்கிட்டேன். புதுப் பொண்ணு, சொல்ல வெக்கமா இருந்தது. மடியிலே நனைஞ்ச குடை இருந்தது. அதை வெச்சு ஒண்ணைச் சொன்னேன்."

நாகேஸ்வரன் நாற்காலியில் சரிந்தார். முப்பத்தாறு வருடம். எத்தனை பந்தி! எத்தனை பல் டாக்டர்! "எத்தனை தடவை என் வாயாலே கேட்டே! ஒரு தடவையாவது தடுத்தியோ?"

"உள்ளே போய்ச் சிரிச்சுட்டு வருவேன். ஆனா கேக்க நன்னாத்தான் இருந்தது." சூடாமணியின் முகத்தில் இப்போதும் சிரிப்புதான். "நான் குடை மட்டும்தானே குடுத்தேன்? அந்தக் கோபம், ஸ்நேகம், ஒரே கை, எல்லாம் நீங்க சேத்ததாக்கும்."

ஆனாலும் அவர் யோக்கியமான மனிதர். மறுநாள் காலை குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சங்கத்துக்குப் போனார். கல்யாணராமனும் தாணுமாலையனும் கடிதத்தைக் கவரில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாற்பத்து மூன்று கையெழுத்து; கடைசியில் நாகேஸ்வரனுக்காக விட்ட இடம் காலி.

"அனுப்ப வேண்டாம். அப்படி ஒரு சீன் அந்தப் படத்திலே கிடையாது. என் பேரில்தான் தப்பு."

கல்யாணராமன் அவரைப் பரிவோடு உட்காரவைத்து ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தார். "சாரமில்லை சார், போகட்டும். இந்த வயசிலே மறதி எல்லாருக்கும் வரும்."

"மறதி இல்லே ஓய்! நான் பாக்கவே இல்லே!"

"சாரே, அப்படிச் சொல்லாதீங்க," என்றார் தாணுமாலையன் வருத்தத்தோடு. "குடையைக் குடுக்கறதுக்கு முன்னாலே அந்த அம்மை ஒரு இருமல் இருமுமே. அதுகூட சாருக்கு ஓர்மையில்லையா?"

நாகேஸ்வரன் மறுப்பதற்கு வாயைத் திறந்தார். கண் தானாக மூடியது. ஆள்காட்டி விரல் மெல்ல உயர்ந்தது.

"ஒரு இருமலா," என்று கேட்டார், "ரெண்டா?"

நாற்பத்து நான்காவது கையெழுத்து அவருடையது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களுக்கும் ஒரு படம் இருக்குமே? அதில் கதாநாயகி எந்தப் பக்கம் திரும்பி நின்று அழுகிறாள், பின்னால் எந்த ரயில் போகிறது என்று துல்லியமாக, சத்தியம் செய்யும் அளவுக்குத் தெரியுமே? நல்லது. அந்தப் படம் இப்போது கைபேசியிலேயே கிடைக்கிறது. பத்து நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம்.

ஏன், இன்னும் கையை அந்தப் பக்கம் கொண்டுபோகக் காணோம்?