பொத்தான் மூன்றா, எட்டா?

மனிதகுலத்தின் ஞாபகசக்தி தற்போது எங்கே குடியிருக்கிறது என்று யாராவது கேட்டால், நான் தயங்காமல் விலாசம் சொல்வேன். திருப்பதியில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், டிபன் கடைக்கு மேலே, இரண்டாவது மாடி. கம்பெனியின் பெயர் 'அமர ஸ்மிருதி'. அதன் தர நிர்வாகி விஜயராகவன், அதாவது அடியேன்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க அரசாங்கம் எழுதிய காகிதங்கள் படம் படமாக எங்களிடம் வருகின்றன. கப்பல் கட்டியது, கமிட்டி போட்டது, கப்பல் ஏன் தாமதம் என்று ஆராய இன்னொரு கமிட்டி போட்டது, எல்லாம். நகரியிலிருந்தும் திருத்தணியிலிருந்தும் தினமும் ரயிலேறி வரும் நாற்பது பேர் அவற்றை எழுத்தெழுத்தாகப் படித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று பேர் தனித்தனியாகப் படிக்க வேண்டும். மூவரும் ஒத்துப்போகாவிட்டால் 'கருத்தொருமைக் கூட்டம்' கூடும். அமெரிக்கர்கள் போரையே இவ்வளவு கவனமாக நடத்தியிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அப்படியொரு கூட்டம். 1943-ஆம் வருடத்து ராணுவச் சமையல்காரரின் மேலங்கிக்குப் பொத்தான் மூன்றா, எட்டா? டைப் அடித்த மை தேய்ந்திருந்தது. ரேகா மூன்று என்றாள். பழனி எட்டு என்றான். கிரண்குமார் யாரையும் பகைத்துக்கொள்ளாதவன். அவன் ஐந்தரை என்றான்.

"எட்டுப் பொத்தான் போட்டுக்கினு எவன் சார் வெங்காயம் அரிவான்?" என்றாள் ரேகா.

"மூணுன்னே போட்டுக்கங்க சார்," என்றான் பழனி. "எனக்கு இன்னிக்கு லீவு குடுங்க. நான் சித்தூர் போவணும்."

பழனி விஜயபுரம் பக்கத்து ஆள். விஷயம் என்ன என்று பெரிய மனது பண்ணிக் கேட்டேன்.

"நாளைக்கு கோர்ட்ல கேஸு சார். நைனாவோட எழுவது சென்ட்டு வேர்க்கடல நெலம். பக்கத்து நெலத்துக்காரரு தன்னுதுன்றாரு. பழைய ரிஜிஸ்டர்ல எங்க சர்வே நம்பர் இருக்கற பக்கத்த காப்பி எடுத்துக்கினு போவணும். அது இல்லன்னா நெலம் போயிடும்."

"லீவுக்காகக் கருத்தை மாத்தக் கூடாது பழனி. ஒரு பக்கம் தொலைஞ்சா ஒரு வரலாறே தொலைஞ்ச மாதிரி, தெரியுமா?"

"அதத்தான் சார் நானும் சொல்றேன்."

அவனுடைய பதிலில் இருந்த அலட்சியத்தை நான் கவனித்தேன். ஆனாலும் மன்னித்தேன். 'நிபுணர் கருத்து' வேண்டி நகரியில் ஒரு டெய்லருக்குப் போன் போட்டோம். துணி யார் தருவீங்க, எப்போ வேணும் என்று அவர் கேட்டார். கடைசியில் பகல் ஒன்றரை மணிக்கு, 'மூன்று அல்லது எட்டு' என்று எழுதுவதென ஒருமனதாகத் தீர்மானித்தோம். அதன் பிறகே பழனியை விட்டேன்.

மறுநாள் அமெரிக்காவிலிருந்து மெயில் வந்தது. எங்கள் சிரத்தையைக் கண்டு அவர்கள் நெகிழ்ந்துபோயிருந்தார்கள். பிரேம் போட்டு மாட்டினேன்.

வியாழக்கிழமை பழனி வந்தான். கையில் இரண்டு தாள்.

"காப்பி கெடச்சுதா?"

"கெடச்சுது சார். ஆபீஸ் மூடற நேரத்துக்குப் போய் நின்னேன். ஒரிஜினல் லேதுன்னாங்க. ஸ்கேன் பண்ணிட்டு பழைய புக்கெல்லாம் அழிச்சிட்டாங்களாம். கம்ப்யூட்டர்ல இருக்கறத எடுத்துக் குடுத்தாங்க."

வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் சர்வே நம்பர் 212-உடன் முடிந்தது. அடுத்த பக்கம் 219-இல் ஆரம்பித்தது.

"எங்குளுது 213 சார். காகிதத்துல இல்லாத நெலம் எப்படி உன்னுதுன்னு கேட்டாங்க. கேஸ் போயிடுச்சி. நைனா நேத்துலருந்து சோறு துன்னல."

எனக்கு ரத்தம் கொதித்தது. பல வருட அனுபவம் உள்ளவனுக்கு ஒரு பார்வை போதும். ஈரத்தில் ஒட்டிக்கொண்ட இரண்டு தாள்களை எவனோ பிரிக்காமல், ஒன்றாகப் புரட்டி ஸ்கேன் செய்திருக்கிறான். நம்பர் தாண்டுகிறதே என்று பார்க்கக்கூட ஒரு ஆள் இல்லை.

"ஒரு ஏழை வயித்துல அடிச்சிருக்கானே. எவன் பண்ண வேலை இது?" என்று கத்தினேன்.

"கழுத துன்னுட்ச்சின்னு வெச்சிக்கங்க சார்."

"எந்தக் கழுதை?"

பழனி தாளைத் திருப்பினான். பின்பக்கத்தில் அதே ஸ்கேனின் கடைசிப் பக்கம் அச்சாகியிருந்தது, அதில் ஒரு முத்திரை. 'ஆயிரத்து இருநூறு பக்கங்களும் முழுமையாகச் சரிபார்க்கப்பட்டன. அமர ஸ்மிருதி, திருப்பதி.' அதன் கீழே விஜயராகவன் என்று அழகான கையெழுத்து.

"அது லோக்கல் வேலை, பழனி," என்றேன்.